முருங்கை விதைதானே என்று அள்ளிக் கொட்டாதீர்கள்

போன வாரம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து போன். தொட்டியில் வளர்த்த பாசியை அடியில் படியவைத்து எடுக்க, முருங்கை விதைப் பொடி போட்ட ஒரு தம்பி. "அண்ணே, தொட்டி பால் மாதிரி ஆயிருச்சு. பாசி இறங்கவே மாட்டேங்குது." எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். "நாலு கிலோ. முருங்கை விதைப் பொடிதானேண்ணே, இயற்கைதானே!" 500 லிட்டர் தொட்டிக்கு நாலு கிலோ. மறுநாள் நான் போனபோது நுரை கட்டி, புளித்த கஞ்சி வாடை. மீன் குஞ்சுக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த குளோரெல்லா என்ற நுண்பாசி மொத்தமும் வீண். இந்த வருடத்தில் இது நான்காவது தொட்டி.

இயற்கை என்றால் அளவு கிடையாதென்று யார் சொன்னது? குளோரெல்லாவின் மேல் எதிர்மின்னூட்டம். முருங்கைப் பருப்பின் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். அளவாகச் சேர்ந்தால் பாசி திரண்டு இறங்கும். அளவு மீறினால் ஒவ்வொரு செல்லையும் புரதம் போர்த்திவிடும். எல்லாம் நேர்மின்னூட்டமாகி, பழையபடி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கூடப் போட்டால் கூட இறங்கும் என்ற கணக்கே இங்கே செல்லாது. மிஞ்சிய புரதமும் எண்ணெயும் பாக்டீரியாவுக்குத் தீனி.

நம்மூர் ஆச்சிமாருக்கு இது தெரியும். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, ஊருணித் தண்ணீர் பிடிக்கும் மண்பானையின் உள்பக்கம் தண்ணீர் தெளிய ஒரே ஒரு தேத்தாங்கொட்டையை நாலு சுற்று இழைப்பார். அவ்வளவுதான். கொட்டையைக் கழுவி மாடத்தில் வைத்துவிடுவார், அடுத்த தடவைக்கு.

தேத்தாங்கொட்டை என்றதும் ஒன்று. அதைப் பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். எட்டியும் அதே இனத்து மரம், அதன் கொட்டை கொடிய விஷம். தேத்தாங்கொட்டை சிறிய உருண்டை. எட்டிக்கொட்டை பெரிய பொத்தான்போல் தட்டை. பொடித்தபின் யார் கண்டுபிடிப்பது?

சரி, அளவை எப்படிப் பிடிப்பது? தோல் நீக்கிய முருங்கைப் பருப்பு 10 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடியுங்கள். ஐந்து பாட்டிலில் லிட்டர் லிட்டராகப் பாசித் தண்ணீர் எடுத்து, இந்தப் பாலை 10, 20, 40, 60, 80 மில்லி என்று ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாக, கால்மணி நேரம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். எது தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. தெளிந்தது இரண்டென்றால் குறைந்ததை எடுங்கள். தேவகோட்டைத் தம்பி இன்னொரு தொட்டித் தண்ணீரில் செய்து நேற்றுப் படம் அனுப்பினார்: திண்ணையில் ஐந்து பாட்டில், மூன்றாவதில் மட்டும் அடியில் பச்சை, மேலே கண்ணாடி. ஒவ்வோர் அறுவடைக்கும் இதைத் திரும்பச் செய்யவேண்டும். பாசியின் அடர்த்தி ஒரே மாதிரி இருக்காது. பால் அன்றன்றைக்குப் புதிதாக.

ஸ்பைருலினா என்ற சுருள்பாசி வளர்ப்பவர்கள் எதையும் போடவேண்டாம். அது நூல்நூலாக இருப்பது, வடிகட்டும் துணியிலேயே நின்றுவிடும். படிகாரம் யாருக்குமே வேண்டாம், அலுமினியம் பாசியோடு சேர்ந்து மீன் குஞ்சின் வாய்க்குப் போகும்.

அப்புறம், தயவுசெய்து, தெளிந்த மேல்தண்ணீரை மறுபடி தொட்டியில் விடாதீர்கள். தென்னைக்கு விடுங்கள். படிந்த பாசியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ராத்திரி தாண்டினால் நாறும்.