விண்டோ சிமிட்டினால் எங்கே தேடுவது?

அக்கா மகளின் புது லேப்டாப்பில் ஒரு தொல்லை. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வாள். அதில் 'எஃப்' விசைதான் புள்ளி. அழுத்துவாள், புள்ளி விழாது. 'தமிழ்' என்பது 'தமிழ' என்றே நிற்கும். அதே நேரத்தில் விண்டோவின் மேல்பட்டை ஒரு கணம் வெளிறிப்போய்த் திரும்பும். திறந்த மெனு, அம்புக்குறியைக் கொண்டுபோவதற்குள் மூடிக்கொள்ளும். "டிஸ்ப்ளே மாத்தணும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நல்ல திரையைக் கழற்றி, காசு கொடுத்து இன்னொன்று மாட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிறிய அந்த மேல்பட்டைதான் துப்பு. விண்டோஸில் எந்த விண்டோ செயலில் இருக்கிறதோ, கீபோர்டு அதற்குத்தான் சொந்தம். இதை ஃபோகஸ் என்பார்கள். ஃபோகஸ் கைமாறினால் பழைய விண்டோவின் தலைப்பு மங்கும், அதன் மெனு மூடிக்கொள்ளும், அந்த நொடியில் அடித்த எழுத்து புது விண்டோவுக்குப் போகும். மூன்றும் ஒன்றாக நடந்ததால், வேறு ஏதோ ஒரு விண்டோ வந்து போகிறது என்பது நிச்சயம். கண்ணுக்குத் தெரியாத விண்டோவை எந்த புரோகிராமும் உருவாக்க முடியும்.

சந்தேகம் முதலில் போக வேண்டியது, லேப்டாப்போடு தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பும் சாஃப்ட்வேர்கள் மீது. மின்விசிறி வேகம், கீபோர்டு விளக்கு, ஒலி அலங்காரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கும். நீங்கள் கேம் ஆடுகிறீர்களா, படம் பார்க்கிறீர்களா என்று தெரிந்து அதற்கேற்ப மாற, இவை முன்னால் இருக்கும் விண்டோவைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன.

சில இன்னும் உள்ளே போகும். 2007-இல் விண்டோஸ் விஸ்டா வரும்வரை ஒவ்வொரு புரோகிராமும் திரையில் நேரடியாக வரைந்தது. தொங்கிப்போன விண்டோவின் மேல் இன்னொன்றை இழுத்தால் தடம் தடமாகப் படிந்தது அதனால்தான். விஸ்டாவிலிருந்து, ஒவ்வொரு விண்டோவும் நினைவகத்தில் தனக்கென ஒரு பலகையில் வரைகிறது. விண்டோஸின் ஒரு பகுதியான டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் அத்தனை பலகைகளையும் அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புகிறது. கேமின் மேல் வேகத்தை எண்ணாகக் காட்டும் சாஃப்ட்வேர், தன் டிஎல்எல் கோப்பை, அதாவது இன்னொரு புரோகிராமுக்குள் ஏற்றக்கூடிய துணைக் கோப்பை, அந்த கேமுக்குள் நுழைத்து, "படம் தயார்" என்ற அழைப்பை இடைமறித்துத் தன் எண்ணையும் வரைந்துவிடும். பிரவுசரும் அதே கிராஃபிக்ஸ் வழியில் வரைவதால் சிலநேரம் அதற்குள்ளும் நுழைந்துவிடுகிறது. கறுப்புக் கட்டம், சிமிட்டல், மறையாத நிழல் எல்லாம் அப்படியும் வரும். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிட மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் பிரவுசரைத் தேர்ந்து அதற்குள் இருக்கும் டிஎல்எல்களைப் பாருங்கள். ஒலி சாஃப்ட்வேரின் கோப்பு அங்கே உட்கார்ந்திருந்தால் விசாரணையை அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. கோளாறு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சட்டென்று மறைவதானால் திரையை வீடியோவாகப் பதியுங்கள். அது நினைவகத்தில் இருக்கும் படத்தைத்தான் எடுக்கும். படத்திலும் கோளாறு இருந்தால் திரையோ கேபிளோ குற்றவாளி இல்லை. படத்தில் இல்லை என்பதற்காக உடனே திரையைக் குறை சொல்லிவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் கடைசிக் கட்டத்தில் தவறினாலும் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. வேறொரு மானிட்டரை இணைத்துப் பாருங்கள்.

அடுத்தது பாதி பாதியாகத் தேடுவது. விண்டோஸிலேயே உள்ள சிஸ்டம் கான்ஃபிகரேஷனில், பின்னணியில் ஓடும் புரோகிராம்களான சர்வீஸ்களின் பட்டியலைத் திறந்து, மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை முதலில் டிக் செய்யுங்கள். இதை மறக்கவே கூடாது. மிச்சத்தில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட். தொல்லை போனால் குற்றவாளி நிறுத்திய பாதியில், போகாவிட்டால் மற்றதில். 32 இருந்தாலும் 5 ரீஸ்டார்ட்டில் ஒன்றுக்கு வந்துவிடலாம். அவள் லேப்டாப்பில் 14 இருந்தன. நான்காவது முறையில் ஒலி அலங்கார சர்வீஸ் மாட்டியது.

நீக்கினேன். மறுநாள் திரும்ப வந்திருந்தது. விண்டோஸ் 8 முதல், மதர்போர்டின் சிப்பிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற சாஃப்ட்வேருக்குள் ஒரு புரோகிராமை வைத்து, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் விண்டோஸை அதை இயக்கவைக்க வழி உண்டு. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தாலும் அது போகாது. 2015-இல் லெனோவோ இவ்வழியில் வைத்திருந்த ஒரு சேவையில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்து, அதை நீக்க பயாஸ் (அந்த ஃபர்ம்வேர்தான்) அப்டேட் வெளியிட நேர்ந்தது. சில லேப்டாப்களில் இதற்கு பயாஸிலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். இவளுடையதில் இருந்தது, அணைத்தேன்.

"இனிமே பாட்டு கேக்காதா மாமா?" என்று கவலைப்பட்டாள். கேட்கும். ஸ்பீக்கரை இயக்குவது டிரைவர். அதை நான் தொடவே இல்லை. போனது எதிரொலி சேர்க்கும் அலங்காரம் மட்டும்தான். அன்று மாலை ஒரு பக்கம் முழுக்க அடித்துக் காட்டினாள், ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.