இணையம் வரவில்லையா? ரவுட்டரில் கைவைக்கும் முன் ஐபி முகவரியைப் பாருங்கள்

வீடுகளுக்குச் சென்று கணினி இணைப்புகளைச் சரிசெய்து தருவது என் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் கணினியைத் தொடுவதற்கு முன், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டுவிடுவேன். ஏனெனில், நான் சரிசெய்யும் கோளாறுகளில் கணிசமானவை முதலில் இருந்த கோளாறுகளே அல்ல; அதைச் சரிசெய்யப் போய்ப் புதிதாக உண்டாக்கிக்கொண்டவை.

ஒரு வீட்டில் அலுவலக லேப்டாப் ஒன்றில் மட்டும் இணையம் வரவில்லை. மற்றவர்களின் போன்களில் எந்தத் தடையும் இல்லை. வீட்டுக்காரர் ரவுட்டரின் பின்புறம் இருந்த சிறு துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடித்திருக்கிறார். அது ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கான பொத்தான் அன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோய்விடும் பொத்தான். இணைய சேவை நிறுவனம் ரவுட்டருக்குள் பதிந்து வைத்திருந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோக, அதுவரை ஓடிக்கொண்டிருந்த போன்களும் நின்றுவிட்டன. அவற்றைத் திரும்பப் பெறவே இரண்டு நாள் ஆனது. அதன் பிறகும் அந்த லேப்டாப் மட்டும் பழையபடியே இருந்தது.

நான் போனபோது அவர், “பிங் செய்தால் பதில் வருகிறது சார், லாஸ் 0 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்க மாட்டேன் என்கிறது” என்றார். பிங் என்பது இன்னோர் இயந்திரத்துக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை; லாஸ் என்பது பதில் வராமல் போனவற்றின் அளவு. திரையைப் பார்த்தேன். ‘ரிப்ளை ஃப்ரம் 192.168.0.25’ என்று நான்கு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று எழுதியிருந்தது. பதில் தந்ததாகச் சொல்லப்பட்ட 192.168.0.25 என்பது அந்த லேப்டாப்பின் சொந்த ஐபி முகவரி; வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் அது. அதாவது, தேடிய இயந்திரம் இந்த வலையில் இல்லை என்று கணினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. விண்டோஸ் அதையும் ஒரு பதிலாகவே கணக்கிட்டு, இழப்பு இல்லை என்று கூட்டிப் போட்டிருந்தது. பிங் வரிகளை இறுதிவரை படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

காரணம் மிகச் சாதாரணமானது. அலுவலகத்தில் யாரோ அந்த லேப்டாப்புக்கு 192.168.0.25 என்ற நிலையான முகவரியைக் கையால் பதிந்திருந்தார்கள். வீட்டு ரவுட்டரின் முகவரியோ 192.168.1.1. மூன்றாம் எண்ணில் 0 இருந்த இடத்தில் 1 இருந்ததால், ஒரே வைஃபையில் இணைந்திருந்தும் இரண்டும் வெவ்வேறு தெருவில் இருப்பவை போல ஒன்றையொன்று காணவில்லை. முகவரியைத் தானாகப் பெறும்படி அமைப்பை மாற்றியதும் ஒரு நிமிடத்துக்குள் இணைப்பு வந்துவிட்டது.

ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. கோளாறு ஒரு கருவியில் மட்டுமா, வீட்டிலுள்ள எல்லாவற்றிலுமா என்பது முதலாவது. ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் ரவுட்டரின் அமைப்புகளைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவது, அந்தக் கணினி இப்போது என்ன முகவரி வைத்திருக்கிறது என்பது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்தால் முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), டிஃபால்ட் கேட்வே என்று மூன்று வரிகள் வரும். கேட்வே என்பது வீட்டைவிட்டு வெளியே போகும் வாசல்; பெரும்பாலான வீடுகளில் அது ரவுட்டரேதான்.

192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி இருந்து, கேட்வேயும் அதே வரிசையில் இருந்தால், கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். முகவரிக்குப் பதிலாக ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்று இருந்தால் கேபிள் கழன்றிருக்கிறது அல்லது வைஃபை இணையவில்லை. முகவரி 169.254 என்று தொடங்கினால் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மக்களை அதிகம் குழப்புவது இந்த எண்தான்.

வலையில் சேரும் கணினி, எனக்கு முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சேவை, இந்த முகவரியை எடுத்துக்கொள் என்று ஒன்றை நீட்டும். கணினி அதையே கேட்டு விண்ணப்பிக்கும். ரவுட்டர் உறுதி செய்யும். இந்த நான்கு படிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் இப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. பலமுறை கேட்டும் பதில் வராதபோது, கணினி 169.254 வரிசையிலிருந்து ஒரு முகவரியைத் தானே எடுத்துச் சூட்டிக்கொள்கிறது. இந்த வரிசையே அதற்காக ஒதுக்கப்பட்டதுதான். எனவே அந்த எண்ணைக் கண்டதும் ‘என் ஐபி மாறிவிட்டது, யாரோ ஊடுருவிவிட்டார்கள்’ என்று பதற வேண்டியதில்லை. கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ரவுட்டர் உறைந்து போயிருக்கலாம், கேபிளின் முனை தளர்ந்திருக்கலாம், ரவுட்டரில் டிஎச்சிபி அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கணினியில் புதிதாக நிறுவிய பாதுகாப்பு மென்பொருள் அந்தக் குரலையே வெளியே விடாமல் தடுத்திருக்கலாம். ரவுட்டரின் மின்இணைப்பை அரை நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுப்பதில் தவறில்லை, அது எதையும் அழிக்காது. ஊசியால் அழுத்துவதுதான் அழிக்கும்.

முகவரி சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால், அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும். மைக் மூஸ் 1983-இல் எழுதிய பிங் என்னும் சிறு நிரலே இன்றும் இதற்குப் போதுமானதாக இருக்கிறது. முதலில் கேட்வேயின் முகவரிக்குப் பிங் செய்யுங்கள். வைஃபையில் சில மில்லிவிநாடிகளில் பதில் வருவது இயல்பு; ஒருமுறை 3, அடுத்த முறை 400, இடையிடையே பதிலே இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள வைஃபை இணைப்பில்தான் இருக்கிறது, சேவை நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. அடுத்து 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்குப் பிங் செய்யுங்கள். கேட்வே பதில் தந்து இது தரவில்லையென்றால் ரவுட்டருக்கு அப்பால் வழி அடைபட்டிருக்கிறது. சில இயந்திரங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடியே அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், ஒரே ஒரு முகவரியை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தையும் பெயரால் திறக்க முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் டிஎன்எஸ் கோளாறு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை படுத்துவிட்டது என்று பொருள். அப்போது டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. இணையம் மெதுவாக இருந்தாலும், வைஃபை விட்டுவிட்டு வந்தாலும் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள் என்று எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக இதைப் பரிந்துரைக்கும் வீடியோக்களை நான் நம்புவதில்லை.

இதைவிடத் தந்திரமான கோளாறு, வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருப்பது. பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்துக் கேபிளால் புதியதோடு இணைத்துவிடுகிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் இரண்டும் 192.168.1.1 என்று ஒரே முகவரியைச் சொல்லிக்கொண்டு, இரண்டுமே முகவரி வழங்கத் தொடங்கிவிடும். முகவரி கேட்கும் கருவிக்கு எது முந்திப் பதில் சொல்கிறதோ அதுவே அதன் வாசல். பழைய ரவுட்டரை வாசலாகக் கொண்டவை முட்டுச்சுவரில் போய் நிற்கும். காலையில் வந்த இணையம் மாலையில் வராது; ஒருவர் போனில் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது. இப்படி ஒழுங்கே இல்லாமல் வந்து போகும் கோளாறைக் கேள்விப்பட்டால், வீட்டில் இன்னொரு ரவுட்டர் எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பழையதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) துளையில் அல்லாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளை ஒன்றில் செருகினால் தீர்ந்தது.

இன்னும் சில சிறு காரணங்கள் உண்டு. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பிங் நன்றாக வந்தும் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி மறுக்கும். பழைய டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டு மீதுள்ள பேட்டரி தீர்ந்துபோவதே இதற்குக் காரணம். நீக்கிவிட்ட விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாக மறைத்து அனுப்பும் மென்பொருள்) விட்டுச்சென்ற ப்ராக்ஸி அமைப்பும், அதாவது ஓர் இடைக்கணினி வழியாகப் போகச் சொல்லும் அமைப்பும், இதே போல ஏமாற்றும். நெட்எஸ்எச் (netsh) கட்டளையால் ஐபி அமைப்புகளை ரீசெட் செய்வதை நான் கடைசியாகத்தான் செய்வேன். கையால் பதிந்த முகவரிகள் அதில் போய்விடும் என்பதால், முன்னதாக ஐபிகான்ஃபிக் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன்.

இடையில் ஓர் எச்சரிக்கை. உங்கள் ஐபி முகவரி ஹேக் ஆகிவிட்டது, நாங்கள் தொலைவிலிருந்தே சரிசெய்கிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள் என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். இணையமே இல்லாத கணினிக்குள் தொலைவிலிருந்து ஒருவரும் வர முடியாது. இணையம் இருக்கும் கணினியில் அவர்களுக்கு வேலை இல்லை.

சேவை நிறுவனத்தை அழைப்பதாக இருந்தால், அதற்கு முன் ரவுட்டரின் நிலைப் (ஸ்டேட்டஸ்) பக்கத்தைத் திறந்து வேன் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே முகவரி இல்லாமலோ 0.0.0.0 என்றோ இருந்தால், கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கத்திலோ, உங்கள் ரவுட்டரில் பதிந்த யூசர்நேமிலோதான். கேட்வே பதில் சொல்கிறது, வேனில் முகவரி வரவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பாடத்தைத் தாண்டி அவர்கள் தங்கள் பக்கத்து இணைப்பைப் பார்க்கத் தொடங்குவார்கள்.