சங்கத்துக்காகக் கையெழுத்துப் போடும் முன்

ஓசூரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது வீட்டில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள். "நீங்களே செயலாளரா இருங்க சார், நீங்கதான் ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்கீங்க" என்று ஒருவரைப் பார்த்து எல்லோரும் சொல்வார்கள். கைதட்டல் கேட்கும். அவரும் மறுக்க மனமில்லாமல் தலையாட்டிவிடுவார்.

அன்று மாலையிலிருந்து அவர் போடும் கையெழுத்து நாற்பது குடும்பத்தின் பணத்துக்கும், அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கும், வளாகத்துக்குள் வேலைக்கு வருகிறவர்களின் உயிருக்கும் பொறுப்பாகிறது. இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சங்கங்களில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை யாரோ பணம் தின்றதால் வருபவை அல்ல. நல்ல மனதோடு, வாய்ப்பேச்சில், எழுதி வைக்காமல் செய்த காரியங்களால் வருபவை.

பதிவும் வங்கியும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் நிர்வாகக் குழுவின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழு கூடித் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். விளைவு என்ன தெரியுமா? பழைய பொருளாளர் வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறிப் போயிருப்பார், வங்கியில் இன்னும் அவர் கையெழுத்துதான் செல்லும். பதிவாளர் அலுவலகத்தில் பெயர் மாறியதற்குச் சான்று இல்லாமல் வங்கி புதியவரை ஏற்காது. வாட்ச்மேன் சம்பளம் கொடுக்க முடியாமல் செயலாளர் தன் கைப்பணத்தைப் போடுவார். சங்கக் கணக்கும் சொந்தக் கணக்கும் அங்கேதான் கலக்கத் தொடங்கும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். கியூஆர் கோடு சங்கத்தின் கணக்குக்கே இருக்கட்டும். பொருளாளரின் போன் நம்பருக்கு மெயின்டனன்ஸ் வாங்குவதை ஒரு மாதம்கூட அனுமதிக்க வேண்டாம். அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும், அது வருமான வரித்துறையின் கண்ணுக்கு அவருடைய வரவாகத்தான் தெரியும்.

2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய துணைவிதிகளை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கும் சங்கங்கள் அவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி இந்தச் சட்டத்தோடு பொருத்திப் பார்ப்பது நல்லது.

மெயின்டனன்ஸ் ஏன் மே மாதத்தில் பற்றாமல் போகிறது

நாற்பது வீடு, சராசரி 1,100 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 44,000 சதுர அடி. மாதச் செலவு ஒரு மாதிரிக்கு: ஏஜென்சி வழியாக மூன்று வாட்ச்மேன் 42,000, துப்புரவுக்கு இருவர் 20,000, பொது மின்சாரம் 22,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 7,000, ஜெனரேட்டர் டீசல் 6,000, பிளம்பர், எலக்ட்ரீஷியன், தோட்டம் எல்லாம் சேர்த்து 13,000. கூட்டினால் ரூ.1,10,000. சதுர அடிக்கு ரூ.2.50. பெரும்பாலான சங்கங்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன.

ஏப்ரலில் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அறுபது நாளுக்குத் தினம் இரண்டு லாரித் தண்ணீர், லாரி ஒன்று 1,200 ரூபாய் என்றால் ரூ.1,44,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் சதுர அடிக்கு 27 காசு. அதோடு பெயின்ட், மொட்டை மாடி வாட்டர்புரூஃபிங், லிஃப்ட் ரோப், மோட்டார் மாற்றம் ஆகியவற்றுக்கென்று 25 காசு தனியாக ஒதுக்கினால் ஆண்டுக்கு ரூ.1,32,000 சேரும். ஆக உண்மையான மெயின்டனன்ஸ் மூன்று ரூபாய். இரண்டரை ரூபாயில் ஓட்டிவிட்டு மே மாதத்தில் "அவசர வசூல்" போடும்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூளும். பொதுக்குழுவில் இந்தக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் ஏறாதது தாளில் பார்த்தால் ஏறும்.

பொது மின்கட்டணத்தில் ஒரு சலுகை உண்டு. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023 அக்டோபரில் அரசு யூனிட்டுக்கு ரூ.8.15-இலிருந்து ரூ.5.50-ஆகக் குறைத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் உள்ள சிறிய அபார்ட்மென்டுகள் பல இதற்குள் வரும். இ.பி. பில்லில் எந்தக் கட்டண வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வகையிலேயே இருந்தால் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வீட்டுக்கு மாதம் ரூ.7,500 வரை மெயின்டனன்ஸுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆனால் டிடிஎஸ், அதாவது பில் தொகையிலேயே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது, தப்பாது. செக்யூரிட்டி ஏஜென்சி, லிஃப்ட் நிறுவனம் போன்ற ஒப்பந்ததாரருக்கு ஒரே பில் ரூ.30,000-ஐத் தாண்டினாலோ, ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடித்துக் கட்ட வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம். மேலே சொன்ன 42,000 ரூபாய் ஏஜென்சி பில் முதல் மாதமே இதற்குள் வந்துவிடுகிறது. ஃபிக்சட் டெபாசிட் வட்டிக்கும் வரி உண்டு. நம் பணத்தை நாமே வைத்திருக்கிறோம் என்ற வாதம் வங்கி வட்டிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் முடித்துவிட்டது.

பாக்கி வைப்பவர் வீட்டுக்குத் தண்ணீரை அடைப்பதோ, ஃப்யூஸைப் பிடுங்குவதோ வேண்டாம். காவல் நிலையத்தில் போய் நிற்கப் போவது பாக்கிக்காரர் அல்ல, செயலாளர்தான். துணைவிதிப்படி வட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு நீதிமன்றம். மெதுவான வழிதான், ஆனால் நிற்கும்.

தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களில் சங்கம் நடத்துகிறவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. இங்கே பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு சேர்ந்திருப்பது அதனால்தான். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் உள்ள குழந்தைகளின் பல்லில் முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கறை. அந்தக் கறை வாழ்நாள் முழுக்கப் போகாது. பல ஆண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

பலர் செய்யும் தவறு, ஒகேனக்கல் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) விடுவது. நல்ல தண்ணீர் கிடைத்தும் அதன் பலன் போய்விடுகிறது. சமையலறைக்கு ஒரு குழாய், மற்ற உபயோகத்துக்கு ஒரு குழாய் என்று இரண்டு லைன் இழுக்கும் செலவுக்குப் பொதுக்குழுவில் தயங்காமல் தீர்மானம் வையுங்கள். முடியாத கட்டடத்தில், தரைத்தளத்தில் ஒகேனக்கல் தண்ணீருக்கென்று தனிச் சின்டெக்ஸும் குழாயும் வைத்தால் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம். சாஃப்ட்னர் போட்டிருக்கிறோமே என்பார்கள். சாஃப்ட்னர் உப்புக் கடினத்தைத்தான் எடுக்கும், ஃப்ளோரைடை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும்.

ஆண்டுக்கு இருமுறை, மே மாதம் ஒன்று, மழை முடிந்து டிசம்பரில் ஒன்று, போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, போர் வாயிலேயே பிடிக்க வேண்டும்; வீட்டுக் குழாயில் பிடித்தால் தொட்டியின் கலப்படம்தான் தெரியும். சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் தனி பாட்டில் வேண்டும், அதை அலசக்கூடாது. அறிக்கை வந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். எண் மோசமாக இருந்தாலும் ஒட்டுங்கள்.

குளோரின் விஷயத்தில் வாட்ச்மேன் கைக்கு வந்த அளவு போடுவார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், பத்தாயிரம் லிட்டர் சம்புக்கு 40 கிராம் பிளீச்சிங் பவுடர். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து, கடைசி மாடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மீதம் இருக்க வேண்டும். சிறிய குளோரோஸ்கோப் ஒன்று வாங்கி வைத்தால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாய் திறந்து கிடக்கும் பவுடர் மூட்டை வீரியம் இழந்துவிடும் என்பதால் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

செப்டிக் டேங்க்: இங்கே விட்டுக்கொடுக்கவே கூடாது

அடைப்பு எடுக்கக் குறைந்த கூலிக்கு ஒருவர் இறங்குகிறேன் என்பார். இறக்காதீர்கள். மூடி திறந்து சிறிது நேரம் விட்டால் வாயு போய்விடும் என்பது தவறு. அடியில் சகதியைக் கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறுகிறது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் சாய்வார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி மனிதரை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. "அவராகத்தான் இறங்கினார்" என்பது சங்கத்தைக் காப்பாற்றாது. கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் செயலாளர் வைத்திருங்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கும், பல நாள் மூடிக் கிடந்த சம்புக்கும் இதே விதிதான்.

பில்டரிடமிருந்தும், பழைய குழுவிடமிருந்தும்

புதுக் கட்டடம் என்றால் ஒப்படைப்பில் அவசரப்படக்கூடாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, வீடு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து சுட்டிக்காட்டினால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். விரிசலைத் தேதியோடு படமெடுத்து, ஸ்கேல் வைத்து அகலம் தெரியும்படி, கடிதமாக அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. அங்கீகரித்த வரைபடம், பணி நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், சங்கத்தின் பெயருக்கு மாறிய இ.பி. இணைப்பு, குழாயும் வயரும் உண்மையில் எந்த வழியாகப் போகின்றன என்ற படம், போரின் ஆழம், கேசிங் (துளைக்குள் இறக்கிய காப்புக் குழாய்) எத்தனை அடி, மோட்டார் எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ் (பம்ப் அடுக்கு), எந்த ஆழத்தில் தொங்குகிறது என்ற விவரம் எல்லாம் கையில் வந்தபிறகே ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து. போர் விவரம் இல்லாவிட்டால் நள்ளிரவில் மோட்டார் எரிந்தால், எத்தனை அடி பைப்புக்கு ஆளும் வண்டியும் வேண்டும் என்றுகூட மெக்கானிக்கிடம் சொல்ல முடியாது.

குழு மாறும்போதும் இதே பட்டியல்தான். அதோடு தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, காசோலைப் புத்தகத்தில் மீதமுள்ள தாள்களின் எண்கள், டெபாசிட் ரசீதுகள், வரித்தளங்களின் பாஸ்வேர்டு, லிஃப்ட் மெஷின் ரூம் சாவி, செப்டிக் டேங்க் மூடிச் சாவி. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பழைய செயலாளரும் புதிய செயலாளரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவிட வேண்டும்.