கூத்துக்காரர் லார்ப் ஆடினால் என்ன ஆகும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதம் வைக்கும் ஊர்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு நடக்கும், இரவில் விடிய விடியக் கூத்து. ஊர்சனம் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும், ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள். யார் ஆடுகிறவர், யார் பார்க்கிறவர் என்பதில் குழப்பமே இருக்காது. துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில் அந்தக் கோடு அழிந்துவிடும். திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய துரியோதனன் அந்த மண் உருவத்தின் மேலேறி ஓட, பீமன் கதாயுதத்தோடு துரத்துவான். இருவரும் கூட்டத்துக்குள் புகுந்து வருவார்கள். சனம் விலகி வழிவிடும். சிலர் துரியோதனனைத் திட்டுவார்கள், சிலர் அவனையே கும்பிடுவார்கள். பகாசுரன் வதத்தன்று பீமன் ஏறிய வண்டி தெருத்தெருவாக வரும்போதும் இதே கதைதான். வண்டிக்குச் சோறும் பண்டமும் கொண்டுவந்து தருகிற பெண்கள் அந்த நேரத்துக்கு ஏகசக்கரபுரத்துக் குடிமக்கள்.

இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லார்ப் என்ற விளையாட்டு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் என்பதன் சுருக்கம் அது. இருபது பேரோ இருநூறு பேரோ ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கப்படும். அந்த ஆளின் பெயர், ஆசை, பகை, ரகசியம் எல்லாம் ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதியிருக்கும். வசனம் கிடையாது. தனியாகப் பார்வையாளர் என்றும் யாரும் கிடையாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் சில மணி நேரமோ, இரண்டு மூன்று நாளோ எல்லோரும் அந்தப் பாத்திரமாகவே நடப்பார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள். கதை எங்கே போய் முடியும் என்பது அமைப்பாளருக்கே முழுதாகத் தெரியாது.

அமெரிக்காவில் 1977-இல் டாகோர்ஹிர் என்ற போர் விளையாட்டுக் குழு தொடங்கியது. இங்கிலாந்தில் 1982-இல் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் ட்ரெஷர் டிராப் என்ற ஆட்டம் நடந்தது. இந்தக் கலையை ஆழமாக யோசித்தவர்கள் வட ஐரோப்பியர்கள். நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்டக்காரர்கள் 1997 முதல் கூடி, ஆட்டம் மனதை என்ன செய்கிறது என்றெல்லாம் விவாதித்து வருகிறார்கள். டென்மார்க்கின் ஹோப்ரோ நகரில் பாடங்களையே இப்படி வேடமேற்று நடத்தும் ஓர் உறைவிடப் பள்ளி 2006 முதல் இயங்குகிறது.

சரி, நடித்துப் பழகிய ஒருவர் லார்ப்பில் இறங்கினால் அந்தப் பழக்கம் கைகொடுக்குமா? கண்டிப்பாகக் கொடுக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு வேலையில் பழகிய திறமை இன்னொரு வேலைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. இதை 1901-இலேயே எட்வர்ட் தார்ன்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணாலேயே மதிப்பிடச் சிலரைப் பழக்கினார்கள். அதில் நன்றாகத் தேறியவர்கள், வடிவமும் அளவும் மாறியதும் அந்த அளவுக்குத் தேறவில்லை. இரண்டு வேலைக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அது மட்டும்தான் இடம் மாறும் என்பது அவர்கள் முடிவு. ஆகவே நடிப்புக்கும் லார்ப்புக்கும் பொதுவானது எது, பொதுவில்லாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் நான் கொஞ்ச நேரம் நானாக இல்லாமல் இருக்கிறேன். மூளையில் இதற்கு ஒரு தடயம் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுன் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நடிப்புப் பயிற்சி பெற்றவர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்துக் கேள்விகள் கேட்டார்கள். அழைக்காத விருந்துக்குப் போவாயா என்பது மாதிரியான கேள்விகள். ஒருமுறை தானாகப் பதில் சொல்ல வேண்டும், இன்னொருமுறை ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ சொல்ல வேண்டும். பாத்திரமாகப் பதில் சொன்னபோது, தன்னைப் பற்றிய நினைப்போடு தொடர்புடைய முன்நெற்றிப் பகுதிகளில் இயக்கம் குறைந்தது. இதைவிட எனக்கு வியப்பு தருவது வேறு. பாத்திரம் எதுவும் இல்லாமல், தன் கருத்தையே வெறுமனே பிரிட்டிஷ் உச்சரிப்பில் சொன்னபோதும் அதே திசையில் இயக்கம் குறைந்தது. பேச்சின் தோரணையை மாற்றினாலே ‘நான்’ கொஞ்சம் தளர்கிறது என்றுதான் இதற்குப் பொருள். லார்ப்புக்குப் புதிதாக வருபவர் முதலில் பாத்திரத்துக்கென்று ஒரு நடையையும் ஒரு குரலையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது ஏன் பலிக்கிறது என்பதும் இங்கே புரிகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் இன்னொன்றைப் பார்த்தார்கள். ஷேக்ஸ்பியர் நாடக ஒத்திகையில் இருந்த நடிகர்களின் தலையில் மூளை இயக்கத்தை அளக்கும் இலகுவான கருவியைப் பொருத்தி, நடுவில் அவர்களுடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். யாராக இருந்தாலும் தன் பெயர் காதில் விழுந்தால் மூளை சட்டென்று திரும்பும். பாத்திரத்தில் இருந்தபோது அந்தத் திரும்பல் அடங்கியிருந்தது.

அதே நேரம் நடிகர் தன்னை முழுசாகத் தொலைப்பதும் இல்லை. 2019 ஆய்வில் பாத்திரமாகப் பேசும்போது பிரிகூனியஸ் என்ற, பெருமூளையின் பின்பக்கப் பகுதியில் இயக்கம் கூடியிருந்தது. கவனம் இரண்டாகப் பிரிந்து நிற்பதன் அறிகுறியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். கூத்தில் சுழன்று கிறுகி ஆடுகிறவரைப் பார்த்தால் இது விளங்கும். தலையில் கிரீடம், தோளில் புஜகட்டை, முகத்தில் துரியோதனனின் ஆணவம். கால் மட்டும் மிருதங்கத்தின் தாளத்தை விடாது, காது பின்பாட்டை விடாது. உள்ளே ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். லார்ப்பிலும் இந்த இரண்டாவது ஆள் தேவை. பக்கத்தில் இருப்பவர் நிஜமாகவே பயந்துவிட்டாரா, கால் தடுக்கும் இடத்தில் கல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்தான். நடித்துப் பழகியவருக்கு இந்த இரட்டைக் கவனம் கைவந்திருக்கும். புதியவருக்கு இது வர நாளாகும்.

உணர்ச்சியும் அப்படித்தான். கோபத்தை வரவழைக்க முதலில் உள்ளே கோபம் இருந்தாக வேண்டும் என்றில்லை. பால் எக்மன், ராபர்ட் லெவன்சன், வாலஸ் ஃபிரீசன் மூவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நடிகர்களிடம் உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் ‘புருவத்தை இறக்கு, உதட்டை அழுத்து’ என்று தசை தசையாக அசைக்கச் சொன்னார்கள். முகம் கோபத்தின் வடிவத்துக்கு வந்தபோது இதயத் துடிப்பு ஏறியது, விரல் நுனியில் சூடும் கூடியது. பயத்தின் வடிவத்திலும் துடிப்பு ஏறியது, விரல் மட்டும் அந்த அளவுக்குச் சூடாகவில்லை. முகம் முன்னே போக, உடம்பு பின்னால் வந்திருக்கிறது. கூத்து வாத்தியார்கள் முகத்தையும் அடவையும் முதலில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

வசனம் இல்லாத ஆட்டத்தில் மனப்பாடத் திறமை எதற்கு என்று கேட்கலாம். உண்மையில் நடிகர்கள் வெறுமனே உருப்போடுவதில்லை. ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் தம்பதியின் ஆய்வுகளில், நல்ல நடிகர்கள் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இந்த ஆள் இப்போது எதிராளியிடம் என்ன சாதிக்கப் பார்க்கிறான் என்று தேடுவதும், வார்த்தை அதோடு ஒட்டிக்கொண்டு வருவதும் தெரிந்தது. லார்ப்பில் கையில் கிடைக்கும் இரண்டு பக்கக் குறிப்பைப் படிக்க இந்தப் பழக்கம் பெரிய உதவி.

இதுவரை பொதுவானவை. இனி பொதுவில்லாதது. அதுதான் பெரியது: லார்ப்பில் பார்க்கிறவர் கிடையாது.

ஓர் ஏரித் தண்ணீர்ப் பஞ்சாயத்தை லார்ப்பாக வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊத்தங்கரைப் பக்கத்து ஊர் ஒன்று. மதகை எப்போது திறப்பது என்பதுதான் விவகாரம். பன்னிரண்டு பேர். ஒருவர் மேல்மடைக்காரர், ஒருவர் கடைமடைக்காரர், ஒருவர் பெங்களூரிலிருந்து திரும்பிய மகன், ஒருவர் மதகுச் சாவியை ஒளித்து வைத்திருக்கும் நீர்க்கட்டி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிறவர். கல்லூரி நாடகத்தில் பரிசு வாங்கிய பெண் ஒருத்தி கடைமடைக்காரராக வருகிறாள். எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசுகிறாள். குரல் கணீரென்று இருக்கிறது, கண் கலங்குகிறது. மேடையாக இருந்தால் கைதட்டல் விழும். இங்கே மற்ற பதினொரு பேருக்கும் ஐந்து நிமிடம் ஆட்டம் நின்றுபோய்விட்டது. சாவியை வைத்திருந்தவர் அதை மெல்ல இடுப்பு மாற்றிச் செருகியதை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் பேசியே பழகாத ஒருவர், நிஜத்திலும் விவசாயி, “அண்ணே, அந்தச் சாவி எங்கண்ணே?” என்று தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். ஆட்டம் அங்கேதான் திரும்புகிறது.

அவள் மோசமாக நடிக்கவில்லை. தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்படி உணர்ச்சியை வெளியே அனுப்பப் பழகியவள். கையின் வீச்சு, குரலின் ஏற்றம், நெஞ்சை முன்னால் திருப்பி நிற்பது எல்லாமே கடைசி வரிசைக்காக உண்டானவை. லார்ப்பில் கடைசி வரிசை இல்லை. எதிரில் நிற்பவரே சக ஆட்டக்காரர், அவரே பார்வையாளர். என் நடிப்பை உள்ளிருந்து பார்க்கும் முதல் ஆளும் நானேதான். காட்டுவது இங்கே பாதி வேலை, மீதி வாங்கிக்கொள்வது. எதிராளி என்ன சொன்னார், அது என் பாத்திரத்தை எங்கே தொட்டது, நான் எதை விட்டுக்கொடுத்தால் அவருக்கு அடுத்த அடி எடுக்க இடம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். மேடைப் பயிற்சி இதை எப்போதும் கற்றுத் தருவதில்லை.

அதனால்தான், கூத்தில் யார் லார்ப்புக்கு வந்தால் பொருந்துவார் என்று கேட்டால் நான் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைத்தான் சொல்வேன். ராஜவேடக்காரருக்குப் பாட்டும் விருத்தமும் வரிசையாக இருக்கிறது. கட்டியங்காரன் அந்த இடத்தில் நடப்பதை வைத்துப் பேசுகிறார். மைக் கரகரத்தாலும், குழந்தை அழுதாலும், ஊர்ப் பெரியவர் எழுந்து போனாலும் அதை ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்வார். ராஜாவிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார், அதில் ராஜா பெரியவராகத் தெரிவார். அடுத்தவரை உயர்த்தித் தன் இடத்தைப் பிடிப்பது லார்ப்பின் மிக நுட்பமான திறமை.

வேறொன்றையும் கூத்துக்காரர்கள் கொண்டுவருவார்கள். புதிதாக லார்ப் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஜெயிக்கத்தான் பார்ப்பார்கள். ரகசியத்தைக் காப்பார்கள், சண்டையில் தோற்க மாட்டார்கள், அதனால் கதை நகராது. வட ஐரோப்பியர்கள் தோற்பதற்காக ஆடு என்று ஒரு வழியைச் சொல்வார்கள். ரகசியம் வெளியே வரட்டும், தப்பான ஆளை நம்பு, விழு, அப்போதுதான் எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்கும். துரியோதனன் வேடக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொடை உடையப் போவது ஊருக்கே தெரிந்தும், அந்த முடிவுக்கு முழு மனதோடு ஓடுகிறவர் அவர்.

பாத்திரத்தின் உணர்ச்சி நிஜ வாழ்க்கைக்குள் கசிவது இரண்டிலும் உண்டு. லார்ப் ஆடுகிறவர்கள் இதைப் பிளீட் என்பார்கள். ஆட்டத்தில் பகையாளியாக இருந்தவரிடம் மறுநாளும் மனம் ஒட்டாது, அல்லது காரணமில்லாமல் பிரியம் வரும். மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அடங்க ஒரு மணி நேரம் கூட ஆகலாம், கதை முடிந்தது உடம்புக்கு உடனே தெரிவதில்லை. கூத்தில் இதற்கு நெடுங்காலமாக வழி இருக்கிறது. துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேடக்காரர் சாமி கும்பிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். ஆவேசம் வந்தவரைப் பிடித்துக்கொள்ள ஆள் நிற்கும், விபூதியும் தண்ணீரும் தயாராக இருக்கும். ஆட்டம் முடிந்து தேங்காயெண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்து, கட்டைகளைக் கழற்றி, டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்பதற்குள் உடம்பும் இறங்கிவிடும்.

லார்ப்பில் அதற்குப் பதிலாகச் சில ஏற்பாடுகள் உண்டு. ‘கட்’ என்று யார் சொன்னாலும் அந்த நொடியே எல்லோரும் நிற்க வேண்டும், ‘பிரேக்’ என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, பாத்திரத்தின் பெயரை விட்டுச் சொந்தப் பெயரில் பேசுவார்கள். நம் ஊர்க் கல்லூரி நாடகக் குழுக்கள் லார்ப்பை முயன்று பார்க்க நினைத்தால் இந்த வட்டத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், கடைசிப் பஸ்ஸைக் காரணம் காட்டி அதை விட்டுவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் நன்றாக நடிக்கத் தெரிந்தவருக்கு ரகசியம் எதுவும் கொடுக்காமல், மற்றவர்களின் ரகசியங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பாத்திரத்தைக் கொடுங்கள்.