கணவர் சிறையில்: வரி ரிட்டர்னில் என்ன போடுவது?

"சிங்கிள்னே போட்டுடலாமாக்கா? யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

நியூஜெர்சியில், வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பெண் தணிந்த குரலில் கேட்டார். கணவர் ஏப்ரலிலிருந்து சிறையில் இருக்கிறார். அலுவலகப் பணத்தில் கை வைத்ததாக வழக்கு, பதினெட்டு மாதத் தண்டனை. வீட்டில் ஏழு வயது மகள். அதுவரை வருடா வருடம் கணவர்தான் ரிட்டர்ன் போட்டிருக்கிறார். இப்படியொரு நிலை வந்தால் நம்மவர்கள் வெளியே சொல்லவே கூசுகிறார்கள். கேட்காமலே தப்பான கட்டத்தை டிக் செய்துவிடுகிறார்கள்.

சிங்கிள் என்று போட முடியாது. டிசம்பர் 31 அன்று நீங்கள் சட்டப்படி கணவன் மனைவியா என்பதைத்தான் ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித்துறை பார்க்கும். அன்றைக்குள் விவாகரத்தோ, நீதிமன்ற உத்தரவோடு சட்டப்படியான பிரிவோ ஆகியிருக்க வேண்டும். சிறைக்குப் போனதால் திருமணம் முறிந்துவிடுவதில்லை.

"அப்போ ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்?" என்றார். தனியாக இருந்து குடும்பச் செலவைத் தாங்குபவருக்கான பிரிவு அது. ஆசை நியாயமானது. 2025ஆம் வருடத்துக்கு அதில் நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, 23,625 டாலர். தனித்தனியாகத் தாக்கல் செய்தால் 15,750 மட்டுமே. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவர்தான் செய்கிறார், மகளும் கூடவே இருக்கிறாள், வருடத்தின் கடைசி ஆறு மாதமும் கணவர் வீட்டில் இல்லை. எல்லாம் பொருந்துவது போலத் தெரியும். சிக்கல் 'தற்காலிகமாக வீட்டில் இல்லாமை' என்ற விதியில் இருக்கிறது. உடல்நலக் குறைவு, படிப்பு, தொழில், விடுமுறை, ராணுவப் பணி இவற்றுக்காக வெளியே போனவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடிந்தால், அவர் வீட்டில் இருப்பதாகவே கணக்கு. சிறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2007இல் வரி நீதிமன்றம், விசாரணைக்காகச் சிறையில் இருந்த ஒரு தாயின் நாட்களைத் தற்காலிகப் பிரிவாகவே ஏற்று, பிள்ளைகளை வைத்து அவர் கேட்ட வரிச் சலுகையை அனுமதித்தது. அதே நியாயம் கணவருக்கும் பொருந்தும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் ஒன்றைக் கேட்டேன்: "அவர் வெளியே வந்ததும் இந்த வீட்டுக்குத்தான் வருவாரா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வந்துடுவார்க்கா" என்றார். அப்படியானால் அந்தக் கட்டம் வேண்டாம் என்றேன். உறவு முறிந்து, திரும்பச் சேரும் எண்ணமே இல்லாதவருக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும்.

சரி, கூட்டாகப் போட்டால் கழிவு 31,500. படிவத்தைச் சிறைக்கு அனுப்பி அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். அவர் பெயரை நீங்களே எழுதிவிடக் கூடாது. அவருக்குப் பழைய வரி பாக்கியோ குழந்தை ஜீவனாம்ச பாக்கியோ இருந்தால் உங்கள் ரீஃபண்டும் அதில் போய்விடும். உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கப் படிவம் 8379 இருக்கிறது. இன்னொன்று, குழந்தைக் காப்பகச் செலவுக்கான சலுகை கணவன் மனைவி இருவரில் குறைவாகச் சம்பாதித்தவரின் வருமானத்தைத் தாண்டாது. வருடம் முழுக்க உள்ளே இருந்து அவருக்குச் சம்பாத்தியமே இல்லையென்றால் கூட்டாகப் போட்டும் அது கிடைக்காது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது கணவரின் கையாடல் வழக்கு. கையாடிய பணமும் வரிக்கு உட்பட்ட வருமானம்தான். கூட்டு ரிட்டர்னில் கையெழுத்திட்டால், அதில் காட்டாமல் விட்ட வருமானத்துக்கான வரியும் அபராதமும் முழுவதுமாக மனைவி மேலும் விழும். பிறகு படிவம் 8857 போட்டு, 'எனக்குத் தெரியாது' என்று நிரூபிக்கப் போராட வேண்டும். கணவர் ஏற்கெனவே தண்டனை பெற்றிருக்கும்போது அதை நம்பவைப்பது லேசல்ல.

அதனால் தனியாகத்தான் போட்டோம். கல்விக் கடன் வட்டிக் கழிவு அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போயிற்று, வரியும் கூடிற்று. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் தனியாகப் போட்டதை மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தில் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகப் போட்டதைக் கெடு தேதிக்குப் பின் தனியாகப் பிரிக்க முடியாது. சந்தேகம் இருக்கும்போது நான் திரும்பி வரக்கூடிய வழியைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

டெக்சஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தம்பதியின் வருமானம் இருவருக்கும் பொதுச் சொத்து. தனியாகப் போட்டாலும் பொதுவாக இருவர் வருமானத்திலும் பாதிப் பாதியைக் காட்ட வேண்டும். அதற்குப் படிவம் 8958.

புறப்படும் முன் அவரிடம், கணவரின் வழக்கில் எவ்வளவு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்ற உத்தரவின் நகலை வாங்கி வரச் சொன்னேன். அது கைக்கு வந்ததும், கூட்டாக மாற்றலாமா என்று மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.