பெண் நத்தைக்கு ஆண்குறி முளைக்கவைத்த கப்பல் பெயின்ட்

கடல்நீரில் சில நாள்களிலோ வாரங்களிலோ பாதியாகச் சிதைந்துவிடும் டிபிடி என்ற கப்பல் பெயின்ட் நஞ்சை ‘நிலைத்த மாசு’ என்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது போய்ப் படியும் சேற்றைப் பார்த்தால் காரணம் தெரியும்.

டிபிடி, அதாவது டிரைபியூட்டைல்டின்: ஒரு வெள்ளீய அணு, அதோடு மூன்று பியூட்டைல் தொகுதிகள். கப்பலின் அடிப்பகுதியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்க 1960களிலிருந்து பெயின்டில் சேர்த்தார்கள். பிரான்சின் அர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்துப்போகவே, 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பெயின்டைப் பூச 1982இல் அந்நாடு தடை போட்டது. உலகளாவிய தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நியூசெல்லா லாப்பிலஸ் என்னும் பாறை நத்தையின் கதை இன்னும் மோசம். இங்கிலாந்தின் பிளிமத் கரையில் இதன் பெண்களுக்கு ஆண்குறி போன்ற உறுப்பு இருப்பது 1970இல் பதிவானது. லிட்டருக்கு 1 நானோகிராம், அதாவது 100 கோடி லிட்டர் நீரில் ஒரு கிராம் டிபிடி இருந்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். அளவு கூடினால் விந்துக்குழாய்த் திசு வளர்ந்து முட்டை வெளியேறும் வழியை அடைத்துவிடும். உறையிட்ட முட்டைகள் உள்ளேயே தேங்கி நத்தை மலடாகும், சில சமயம் சாகும். இந்த இனத்துக்கு நீந்தும் இளம்பருவமே கிடையாது. ஒரு பாறையில் அழிந்தால் தொலைவிலிருந்து குஞ்சுகள் மிதந்துவந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை.

இவ்வளவு சொற்ப அளவு எப்படிப் போதுமானதாகிறது? உயிரணுவின் உட்கருவில் ஆர்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பிப் புரதம் இருக்கிறது. வைட்டமின் ஏ வழிவந்த 9-சிஸ் ரெட்டினாயிக் அமிலம் அதன் குழிக்குள் அமர்ந்தால் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். டிபிடிக்கும் அந்த அமிலத்துக்கும் உருவத்தில் ஒற்றுமையே இல்லை. அளவிலும் டிபிடி சிறியது, குழியின் ஒரு மூலையைத்தான் நிரப்பும். ஆனால் அங்கே சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம் இருக்கிறது. வெள்ளீயம் அதைப் பற்றிக்கொள்ள, ஏற்பி இயங்கிவிடுகிறது. மனித ஏற்பியின் படிக அமைப்பில் இந்தப் பிணைப்பு தெளிவாகவே தெரிந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் இன்னொரு பாறை நத்தையின் பெண்களுக்கு டிபிடி எதுவுமின்றி 9-சிஸ் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் ஊசியில் செலுத்தினார்கள். ஆண்குறி முளைத்தது! எத்தனை அழகான சோதனை!

இனி சேறு. வெளிச்சமும் ஆக்சிஜனும் உள்ள நீரில் நுண்ணுயிர்கள் பியூட்டைல் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். ஆக்சிஜனற்ற துறைமுகச் சேற்றில் அந்த வேலை பல்லாண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் இழுக்கும். உலர்துறையில் கப்பலைச் சுரண்டும்போது விழுந்த பெயின்ட் செதில்களும் அங்கேதான் கிடக்கின்றன. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர்வாரினால் நஞ்சு மறுபடி மேலே வரும்.

கண்காணிக்கப் பெரிய கருவி வேண்டாம். முதிர்ந்த நத்தைகளை மட்டும் சேகரித்து, 7 சதவீத மக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கி, நத்தையின் ஓட்டைப் பட்டறைப் பிடிக்கருவியில் வைத்து உடைக்க வேண்டும். மயக்காவிட்டால் உடல் சுருங்கி நீள அளவு பிழையாகும். ஆண்குறியை வைத்துப் பாலினத்தைப் பிரித்தால் கணக்கே தவறும். முட்டையுறைச் சுரப்பி இருந்தால் அது பெண். பிறகு விந்துக்குழாய் வளர்ச்சிக்கு 0 முதல் 6 வரை நிலை எண் தர வேண்டும். 5 அல்லது 6 என்றால் மலடு. ஆண்டுதோறும் அதே பாறையில் இதைச் செய்யும் சலிப்பான வேலைக்கு நிதி கேட்டால் ‘புதுமை இல்லை’ என்று ஒதுக்குவது பெரும் தவறு. தடை பலித்ததா என்பதைச் சொல்லப்போவது இந்த எண்கள்தான்.