ஜப்பான் பிரிண்ட் கையில கிடைச்சா முதல்ல திருப்பிப் பாருங்க

ஜப்பான் ஓவியர் ஹொக்குசாயோட அந்தப் பெரிய அலை படத்தை டீ-ஷர்ட்ல, மொபைல் கவர்லன்னு எங்கயாவது பாத்திருப்பீங்க. 1831 வாக்குல வந்தது. நிறைய பேரு அதை பெயிண்டிங்னு நினைச்சுக்கிட்டு ஒரிஜினல் எந்த மியூசியத்துல இருக்குன்னு கேப்பாங்க. அப்படி ஒரு ஒரிஜினலே கிடையாது, இது மரப் பலகையில செதுக்கி மை தடவி பேப்பர்ல அச்சடிச்ச பிரிண்ட்! அவர் மெல்லிசு பேப்பர்ல வரைஞ்சதை செர்ரி மரப் பலகையில குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுட்டு மீதியை பேப்பரோட சேத்து செதுக்கித் தள்ளிட்டாங்க, பலகை ரெடியானப்பவே படம் காலி.

கலருக்கு தனித்தனி பலகை. 1765 சமயத்துல ஹருனொபுங்கிற ஓவியர் காலத்துல இருந்து பல கலர் பிரிண்ட் சூடுபிடிச்சுது. ஒவ்வொரு கலருக்கும் ஈரப் பேப்பரை எடுத்து எடுத்து வைக்கணும், மயிரிழை விலகினாலும் படம் கெட்டுடும், அப்ப எப்படி கரெக்டா உக்காருது? கென்டோங்கிற அடையாள வெட்டாலதான். பலகை மூலையில எல் மாதிரி ஒரு வெட்டு, அதே ஓரத்துல கொஞ்சம் தள்ளி நேரா இன்னொரு வெட்டு, பேப்பரோட மூலையும் விளிம்பும் அதுல முட்டி நிக்கும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கோடுகளுக்கான முதல் பலகையில அந்த அடையாளத்தையும் சேத்தே செதுக்கி, மை தடவி சில பேப்பர்ல எடுத்து, அந்தப் பேப்பர்களைத்தான் கலர் பலகைகள்ல ஒட்டி செதுக்குவாங்க, அதனால எல்லாப் பலகையிலயும் கென்டோ அதே இடத்துல விழுந்துடும். ஸ்கேல் வெச்சு அளக்கிற வேலையே இல்ல.

பிரஸ் மெஷினும் கிடையாது. மூங்கில் மடல் சுத்தின பாரென்னு ஒரு வட்டத் தட்டால பேப்பரோட முதுகுல தேய்ப்பாங்க. அதனாலதான் திருப்பிப் பாக்கச் சொன்னேன், பின்னாடி கலர் ஊறி வந்திருக்கும், தேய்ச்ச தடம் கூட தெரியும். ஆஃப்செட் மெஷின்ல அடிச்சதுன்னா பின்பக்கம் சுத்தமா இருக்கும், லென்ஸ் வெச்சா முன்னாடி புள்ளி புள்ளியா தெரியும். ஆனா இதை மட்டும் நம்பி காசைக் கொட்டிடாதீங்க, ஏன்னா பின்னாள்ல புதுசா பலகை செதுக்கி இதே முறையில கையால எடுத்த மறுஅச்சும் ஏகப்பட்டது இருக்கு (என்கிட்ட இருக்கிறதெல்லாம் அதுதான்).

பழைய பலகையிலயே எடுத்ததுன்னாலும் ஆரம்பத்துல எடுத்ததா ரொம்பக் காப்பி போனப்புறம் எடுத்ததான்னு ஒரு கேள்வி இருக்கு. அச்சடிக்க அடிக்க கோடு தேயும், உடையும். அலை படத்துல இடது மேல் மூலையில தலைப்பு எழுதின கட்டம் இருக்குல்ல, அதோட இடது பக்கக் கோடு முழுசா இருந்தா சீக்கிரம் எடுத்தது, நடுவுல விட்டு விட்டு இருந்தா பலகை தேய்ஞ்சப்புறம் எடுத்தது.

கலரை வெச்சு மட்டும் முடிவு பண்ணா ஏமாந்துடுவோம். பிரஷ்யன் ப்ளூங்கிற நீல நிறம் அவ்வளவு லேசுல போகாது, ஆனா குசும்பாப் பூவுல எடுத்த சிவப்பு வெளிச்சம் பட்டா வெளுத்துடும். அலைக்குப் பின்னாடி வானத்துல ஒரு இளஞ்சிவப்பு மேகம் இருந்துச்சு, பல காப்பில இப்ப அது இருந்த இடமே தெரியல.